நடுக்கடலில் ஒரு ப்ளக்!

செல்பேசி அலறியது!

கிஷனின் கையிலிருந்த அதன் திரையில், ‘ருக்குமணி’.

கைகால் கட்டப்பட்டு, வாயில் துணி திணிக்கப்பட்டுப் படகுக்குள் கிடந்த ராமதாஸ் மனைவியின் பெயரைப் பார்த்தார். பார்க்க மட்டுமே முடிந்தது...

கிஷன் செல்பேசியைக் கடலில் வீசினான்.

“அண்ணி பாவம்லா. மத்தியானச் சோறு ஆறிப் போயிரும்.”

ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் ராமதாஸ் நடத்தும் படகு எஞ்சின் பட்டறையில் கிஷன் விற்பனையாளன். மீனவர்களின் எஞ்சின்களைத் திருடி, எண்களைச் சுரண்டி, அங்கேயே விற்றிருக்கிறான்! இன்று காலை ராமதாஸ் கண்டுபிடித்தார். போலீசுக்குப் போவதாகச் சொன்னார்.

அதனால்தான் இந்தப் பயணம். ஆழ்கடலுக்கு... ஒருவழிப் பயணம்!

ஆனால் ஜார்ஜ் டவுன் கரை மறையுமுன்பே எஞ்சின் இருமியது. நின்றது!

கிஷன் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். இருபது முறை. ம்ஹூம்!

மூடியைத் திறந்து, தீப்பொறி தரும் ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றினான். இரண்டும் கரிக்கட்டைகள்! புதிய ப்ளக்கைத் திருகினான். கோணலாக ஏறியது. பத்து ஆண்டுகளாக ப்ளக் விற்றவன்... ஒன்றைக்கூட மாட்டியதில்லை!

ராமதாஸின் வாய்த்துணியைப் பிடுங்கினான்.

“எப்படி மாட்டறது? சொல்லுங்கண்ணே! இல்லேன்னா இங்கயே தள்ளிருவேன்!”

எஞ்சின் ஓடினாலும் சாவு. ஓடாவிட்டாலும் சாவு. தம்மைக் கொல்லப் போகிறவனுக்குத் தாமே தொழில் கற்பிக்க வேண்டிய கதி!

“மொதல்ல... அதக் கழட்டி, ஸ்பார்க் வருதான்னு பாருடா. வயர் மூடிய ப்ளக்கு தலையில சொருகு.”

“சொருகிட்டேன்.”

“கீழ இருக்கிற இரும்ப ஒரு கையில கெட்டியாப் புடி. இன்னொரு கையால கயித்த இழு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் தம்பி.”

பட்டறையில் ஒரு நாள் வேலை பார்த்தவன்கூட ப்ளக்கின் இரும்பை எஞ்சின்மீது சாய்த்து வைத்துத்தான் சோதிப்பான். கையில் பிடிக்கமாட்டான்; ஷாக் அடிக்கும். அதுவும் ஈரக் கையில்!

கிஷன் பிடித்தான். இழுத்தான்.

“ஆ...ஆ...ஆ!”

துள்ளினான். கடலில் தொபீர்!

“அண்ணே! கை மரத்துப் போச்சுண்ணே... தூக்குங்கண்ணே!” படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கதறினான்.

அலறலைக் கேட்டு, சற்றுத் தொலைவில் வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர் இத்ரீஸ் தம் படகை விரட்டி வந்தார்.

“என்னாண்ணே, எஞ்சின் ரொசாக்கா? கெட்டுப் போச்சா?”

கட்டுண்டு கிடந்த ராமதாஸ் தலையை மட்டும் தூக்கினார்.

“எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஸ்பார்க்கும் அருமையா வருது. ஓட்டுனவன்தான் ரொசாக்!”