பாதுகாக்கப்பட்ட சுவர்

தையல் மிஷினின் சக்கரம் சுவரில் உரசியது. நேற்றுவரை இரண்டுக்கும் நடுவே தையல்காரியின் கை தாராளமாகப் போய்வந்தது.

அந்தப் பின்சுவர் வீட்டுக்குச் சொந்தமில்லை, பழைய கோட்டையுடையது. மாமனார் காலத்தில் அதன்மேல் சாய்த்துத்தான் மற்ற மூன்று சுவர்களையும் எழுப்பினார்கள். போன வருஷம் தொல்லியல் துறை வந்து, ஆணிகூட அடிக்கக் கூடாது என்று பலகை நட்டுவிட்டுப் போனது. கூரை ஒழுகினாலும் ஓடு மாற்ற அனுமதி கேட்க வேண்டும். மனுஷன் விழுந்தால் ஏனென்று கேட்க நாதியில்லை, கல் விழுந்தால் ஜீப்பில் ஓடி வருகிறார்கள் என்று தையல்காரி வாய்விட்டே திட்டுவாள்.

மத்தியானம் சுவரிலிருந்து ஈரமண் வாடையும், பூட்டிக்கிடந்த அறையின் புழுக்க நெடியும், உள்ளே யாரோ பல்லைக் கடிப்பது போன்ற மெல்லிய நறநறப்பும் கலந்து வர, தைத்துக்கொண்டிருந்த சட்டையின்மேல் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது. இடுப்பெலும்பு முறிந்து சுவரோரக் கட்டிலில் கிடந்த கணவன் முனகினான்.

"கட்டிலைக் கொஞ்சம் தள்ளேன். முதுகு குளிருது."

தள்ளினாள். அசையவில்லை. கட்டிலின் இரண்டு கால்கள் கல்லுக்குள் போயிருந்தன.

வாசலுக்கு ஓடிக் கோட்டைக் காவல்காரனைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரன்தான், துறை கொடுத்த காக்கிச் சட்டை ஏறியதும் தெருவையே மறந்தவன். வந்து பார்த்தான். முகம் வெளுத்தது.

"சுவத்துல கை வெக்காதீங்கக்கா. ஆபீசர் வரட்டும்."

"அதுக்குள்ள இவரு என்ன ஆவாரு?"

"ஒரு கல்லு பேந்தாலும் என் வேலை போயிடும்க்கா."

அவள் கணவனின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வரவில்லை. முதுகு இல்லை. தோள் பாதி இல்லை. கல் அவனைச் சுற்றி மூடிக்கொண்டு வந்தது, அவசரமே இல்லாமல்.

கடப்பாரையை எடுத்தாள். ஓங்கினாள். காவல்காரன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

"விடுடா! பாவி, விடுடா!"

விடவில்லை. கணவன் கத்த வாய் திறந்தான். வாய் நிறையக் கல். முகத்தில் கண் மட்டும் மிச்சம். அப்புறம் அதுவும் இல்லை.

சாயங்காலம் அதிகாரி வந்தார். டார்ச் அடித்தார். தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை, சுவருக்குச் சேதம் இல்ல. யாரும் தொடாம பாத்துக்கோங்க."

குறுக்கே கயிறு கட்டினார்கள். அவளை இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். அந்தப் பக்கம், சுவரிலிருந்து முழங்கை வரை நீண்டிருந்த கை, விரல்களை விரித்து விரித்து அவளைத் துழாவிக்கொண்டிருந்தது.