சிவப்புக் காரின் மூச்சுத் துளை

துருவத்தை ஒட்டிய இனாரி ஏரிக்கரையில் அந்த டிசம்பரில் பனி பாரபட்சம் பார்க்காமல் விழுந்தது. விறகு அடுக்கு, தபால் பெட்டி, போன குளிரில் பாரம் தாங்காமல் படுத்துவிட்ட கார் கொட்டகை எல்லாம் வெள்ளைக் கொழுக்கட்டைகளாக உட்கார்ந்திருந்தன. ஓர்வோவின் பந்தயக் காரின் மேல் மட்டும், ஓட்டுபவர் பக்கத்து ஜன்னலுக்கு நேரே, ஒரு சாசர் அகலத்துக்குப் பனி நிற்கவில்லை.

ஓர்வோ மண்வாரியால் பனியை அள்ளிப் போட்டு மூடினார். மறுநாள் துளை அதே இடத்தில் இருந்தது. விளிம்பைச் சுற்றி ஊசி ஊசியாக உறைபனி முளைத்திருந்தது.

முப்பத்தோரு வருஷம் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர், பனியைப் பார்த்து அவர் பயந்ததில்லை. அக்டோபர் கடைசியில் அந்த இரண்டு இருக்கைக் காரைக் கழுவி, மெழுகு பூசி, டாங்கை நிரப்பி, டயர்களில் காற்றைக் கூட்டி, பேட்டரியைக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுவந்து, எலி புகாதபடி சைலன்சர் குழாயில் இரும்பு நாரைத் திணித்து, உள்ளே ஈரம் தேங்காமலிருக்க ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி, உறை போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார். தன் இரண்டு பிரசவத்தையும் சேர்த்தால்கூட இந்தக் கவனிப்பில் பாதி தேறாது என்பது அவர் மனைவி இர்யாவின் கட்சி.

நவம்பரில் ஒரு நாள் மழை பெய்து, அன்று மாலையே இறுகி, உறை காரின் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டது. குளிரில் அதைப் பிய்த்தால் சிவப்பும் சேர்ந்து உரிந்துவரும். காரை வெளியில் வைப்பவர்கள் யாரும் பனி உருகும்வரை அதைத் தொடமாட்டார்கள். ஓர்வோவும் தொடவில்லை.

பக்கத்து வீட்டு ஈலிஸ் வேட்டைக்காரர். வந்து பார்த்தார்.

"கரடி குகைக்கு மேல இப்படித்தான் இருக்கும். மூச்சுத் துளை."

"காருக்குள்ள கரடியா?"

"கரடிக்கு இவ்ளோ மட்டமான ரசனை கிடையாதுப்பா." ஈலிஸ் மண்டியிட்டு முகர்ந்தார். எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "காப்பி வாசனை வருதுய்யா."

அன்றைக்கு ஓர்வோ கொடுத்த காப்பியைக் குடிக்காமலே ஈலிஸ் கிளம்பிவிட்டார். இனாரியில் இது நடக்காத காரியம்.

ஓர்வோ துளையில் காது வைத்தார். உறைந்த துணியின் கரகரப்பு, ஏரிப் பனிக்கட்டி எங்கோ தொலைவில் விம்மும் ஓசை, தன் காதுக்குள் ஓடும் ரத்தம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், கம்பளிக்குள் புரண்டு படுத்தவன் விடுவதுபோல நீளமாக ஒரு மூச்சு. இருபது எண்ணினார். இன்னொன்று.

இர்யாவிடம் சொன்னார். அவள் பின்னலை மடியில் வைத்தாள்.

அந்தப் பிரதேசத்து வீடுகளில் ஆள் வருமுன் ஆளின் அரவம் வருவது புதிதல்ல. முன்வருவான் என்பார்கள். படியில் பூட்ஸ் தட்டும், கதவு திறக்கும், பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். கால் மணியில் ஆள் வந்து அதையே செய்வார். பெண்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் காப்பி வைப்பார்கள்.

"நீ கடைசியா ஓட்டிட்டு வந்த அன்னிக்கும் முதல்ல அதுதான் வந்துச்சு," என்றாள் இர்யா. "இன்ஜின் நின்னுச்சு. காப்பி வெச்சேன். ஆனா கார்க் கதவு சத்தம் கேக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வந்தே. அது இறங்குச்சா இல்லியான்னு விசாரிக்க நான் என்ன டிராபிக் போலீஸா?"

ஓர்வோ அன்றிரவு தூங்கவில்லை. முன்வருவான் செய்வதை ஆள் கால் மணியில் செய்தாக வேண்டும். அது மூச்சை நிறுத்தினால்? தானும்தான். இரண்டு மாதமாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்து என்ன யோசிக்கிறது?

அன்றுமுதல் அவர் துளையைக் காத்தார். இரண்டு மணிக்கொரு தரம் போய், தூரிகையால் விளிம்பைச் சுத்தம் செய்து, காது வைத்து, எண்ணினார். இருபது. இருபத்தைந்து. மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது.

"எனக்கு நிமோனியா வந்தப்போ ரெண்டு தடவைதான் எட்டிப் பாத்தே," என்று இர்யா கதவிலிருந்து கத்தினாள். "உள்ள வா கிழவா. மூக்கு உதிர்ந்துடும்."

ஜனவரி முதல் வாரம் புயல் வந்தது. நண்பகல், ஆனால் சூரியன் எழாத மாதம். வானத்தில் கத்தி முனை அளவு நீலம் தெரிந்து, அதையும் பனி விழுங்கியது. காற்று ஏரியிலிருந்து கிளம்பி, காரின் உறையில் ஒட்டாத ஓரத்தைக் கப்பல் பாய்போலப் படபடக்கவைத்து, வாரிய இடத்தையெல்லாம் வாரி முடிக்குமுன் மூடியது. ஓர்வோ கையாலேயே தோண்டினார். துளை கிடைத்தது. காது வைத்தார்.

நாற்பது. அறுபது. நூறு.

மூச்சு இல்லை.

கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

உறையைப் பிடித்து இழுத்தார். கிழிந்தது. சிவப்பு செதில் செதிலாக உரிந்து பனியில் விழுந்தது. கதவின் ஐஸை மண்வாரியால் உடைத்தார். திறந்தார்.

இருக்கை காலி. கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

பின்னால், வீட்டுப் படியில், பூட்ஸ் தட்டும் சத்தம். இரண்டு முறை.

சமையலறை ஜன்னலில் விளக்கு. இர்யா முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி நறுக்குகிறாள். கதவுச் சத்தத்துக்குப் பழகியவள், திரும்பவில்லை. திரும்பினாலும் அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவளுக்குப் பின்னால் நின்றது ஓர்வோவுக்குத் தெரிந்தது. அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர். அவருடைய கூன். அது அடுப்போரம் குனிந்தது. விறகுக் கோடாலியை எடுத்தது. கோடாலி அடுப்போரத்திலேயே இருந்தது. அதன் கையிலும் இருந்தது.

ஓங்கியது.

இர்யாவின் பிடரி வழியாகக் கோடாலி புகையாக இறங்கியது. அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். குளிர் காற்று என்று நினைத்திருப்பாள். நறுக்கினாள். அது மறுபடி ஓங்கியது. மறுபடி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குத் தொழிலைக் காட்டிக்கொடுத்தவன்போல, ஓர்வோவைப் பார்த்துத் தலையசைத்தது.

கத்தினார். புயல் தின்றது.

பன்னிரண்டு இருபது.

காரின் கயிற்றை எடுத்தார். இடுப்பைச் சுற்றினார். காரின் கதவுத் தூணோடு சேர்த்து, லாரிக்காரன் முடிச்சு, ஒன்றல்ல, நான்கு. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கண்ணை மூடினார். கால் மணி கழியட்டும். கழிந்தால் போதும்.

விரல்கள் குளிரில் மரத்திருந்தன. அதனால் அவை என்ன செய்கின்றன என்று அவருக்கு உடனே தெரியவில்லை.

கயிறு பனியில் விழுந்தது.

நடக்கிற கால்கள். படி. அவர் பூட்ஸ். தட்டியது. இரண்டு முறை.

"இப்பதான் நிஜமா வரியா?" உள்ளேயிருந்து இர்யா. "கதவு திறந்துதான் இருக்கு."