வல்புரிக்கு வைத்த மெழுகுவர்த்தி

தேவாலயத்தின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஹில்க்கா ஞாயிறு காலை ஏழு மணிக்கே வந்து தேவாலயத்தைத் திறந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. கைவோஸ்யர்வி சபைக்கு இருநூற்றைம்பதாம் ஆண்டு விழா, பிஷப் வருகிறார். உள்ளே காபியும் ஏலக்காய் ரொட்டியும் மணத்தன. வாசல் மண்டபத்தில் மட்டும் நனைந்த கம்பளி நாற்றம்.

அங்கேதான் தண்டனை பெற்றவர்களின் கால்களை நுழைத்துப் பூட்டும் பழைய தொழுமரம் கிடக்கிறது. சபை வரலாறு எழுதுவதற்காகப் பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் ஹில்க்காவுக்கு விஷயம் தெரிந்தது. கல்யாணமாகாமல் கர்ப்பமான வேலைக்காரி வல்புரி, பத்தொன்பது வயது, அதில் பூட்டப்பட்டுக் குளிரில் விறைத்துச் செத்தாள். பிள்ளை யாருடையது என்று அன்றைய ஊருக்கே தெரியும், பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. பிரசங்கம் முடிந்ததும் திறந்துவிடுவதாக அவளிடம் சொன்னவர், இந்தக் கோயிலைக் கட்டிய முதல் போதகர். சாவியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

செத்தவர் பெயரைப் பீடத்தில் வாசிப்பார்கள், சபை எழுந்து நிற்கும், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப்படும். இங்கே எல்லாருக்கும் அது உண்டு. வல்புரிக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்த நாள்முதல், மண்டபத்தில் யாருக்கோ குளிரில் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம் ஹில்க்காவுக்குக் கேட்கிறது.

"இன்னிக்கு அவ பேரை வாசிச்சிடுவீங்கல்லய்யா?"

"எத்தனை தடவை கேப்பே ஹில்க்கா? பைபிள் மேல கை வெச்சு சொல்லிட்டேன்ல!" போதகர் ஔலிஸ் சிரித்தார். "போ, போய் காபியைக் கவனி."

ஆராதனையில் அந்த மாதம் இறந்த இருவரின் பெயர்களை வாசித்தார். சபை எழுந்து நின்றது. ஹில்க்கா இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, கையில் எரியும் சிறு திரியோடு காத்திருந்தாள். ஔலிஸ் முன்வரிசையில் நின்ற பிஷப்பைப் பார்த்தார். தாளை மடித்தார்.

"ஐயா, மூணாவது பேரு," என்று கிசுகிசுத்தாள்.

"பிஷப் முன்னாடி, கோயில் கட்டினவர் மானத்தை வாங்கச் சொல்றியா? அப்புறம் பாக்கலாம்."

ஆறு மாதமாக நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார் மனிதர். ஹில்க்காவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

சபை உட்கார்ந்தது.

மண்டபத்தில் பற்கள் கிடுகிடுத்த அந்தச் சத்தம் நடுப்பாதை வழியாக உள்ளே வந்தது.

பீடத்தருகே வந்து நின்றது.

ஔலிஸின் வாய் திறந்தது. "ஔலிஸ் கோர்த்தெஸ்மா. வயது ஐம்பத்தெட்டு." அதே வாசிக்கும் குரல். கண்கள் மட்டும் மிரண்டிருந்தன.

பெயர் கேட்ட பழக்கத்தில் சபை எழுந்து நின்றது. பிஷப்பும்தான்.

அதே பழக்கத்தில் ஹில்க்காவின் கை வல்புரிக்கு வைத்திருந்த மூன்றாவது மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டது.

"அணைச்சிடு ஹில்க்கா... அணைச்சிடும்மா..." அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

அவள் குனிந்து ஊதினாள். மூச்சைப் பிடித்துப் பலமாக மறுபடியும் ஊதினாள்.

சுடர் அசையவில்லை. காற்றுப் படாமல் யாரோ இரண்டு கைகளையும் குவித்து அதைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.