பதினாறாம் நாளுக்கு ஒரு படம்

வாய் மறுபடியும் திறந்திருந்தது.

ஷோபனா சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே லேப்டாப் திரையைக் குனிந்து பார்த்தாள். சாப்பிடப் போகும் முன்பு அந்த வாயை அவள்தான் மூடியிருந்தாள். மேல் உதட்டை இழுத்து, கீழ் உதட்டைச் சற்றே ஏற்றி, நடுவில் தெரிந்த இருட்டின் மேல் கன்னத்துத் தோலின் நிறத்தைப் பூசி, முழுசாக அரை மணி நேரம் உட்கார்ந்து செய்த வேலை. இப்போது உத்திராபதி வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேவ் பண்ண மறந்திருப்பேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். கணவர் சிங்கப்பூரில். வீட்டில் வேறு ஆள் இல்லை. தன் குரலே கொஞ்சம் உரக்கக் கேட்டது அவளுக்கு.

பகல் இரண்டு மணி. திரையில் வெளிச்சம் விழாமலிருக்க ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரைச்சீலை போட்டு வைத்திருந்தாள். மாசி வெயில் அதன் ஓரத்தில் ஒரு கோடாக மட்டும் தெரிந்தது. மின்விசிறி ஓடியது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. விடிந்தால் உத்திராபதிக்குப் பதினாறாம் நாள்.

இரண்டு நாளைக்கு முன்பு அவர் மனைவி நாகம்மாள் வந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசல்படியிலேயே நின்றாள்.

"டீச்சர், ஒரே ஒரு உதவி. மாலை போட்டு வைக்க அவரு படம்னு வீட்டுல ஒண்ணுகூட இல்ல. ஆதார் கார்டுல உள்ளதப் பெருசாக்குனா மூஞ்சி கரிப்பானையாட்டம் வருது. மூணு வருசமா உங்ககூடவே ஏரியில கெடந்தாரே, எதுலயாச்சும் விழுந்திருப்பாருல்ல?"

"பாக்குறேன்க்கா."

"அன்னிக்கும் உங்ககூடதான் போயிருப்பாருன்னு நெனச்சேன். நீங்க ஏரிக்கே வரலன்னு சொல்லிட்டீங்க. தனியா எதுக்குத்தான் போனாரோ பாவி மனுசன்."

"ஆமாக்கா" என்றாள் ஷோபனா. வேறென்ன சொல்வது? முதல் நாள் சொன்ன பொய்யைப் பதின்மூன்றாம் நாள் மாற்ற முடியுமா?

ஏரியில் பறவைகளை எடுத்தது மூன்று வருடம், நாற்பதாயிரம் படம். ஒன்றில்கூட அவர் இல்லை. எப்படி இருப்பார்? உட்கார்ந்திருக்கும் நாரையை யாரும் சீந்துவதில்லை. சிறகு விரிய வேண்டும், கால் தண்ணீரை விட்டுக் கிளம்ப வேண்டும், துளிகள் சிதற வேண்டும். அதற்கெல்லாம் நாரைக்கு என்ன அவசரம்? அது பாட்டுக்கு நத்தையைத் தின்றுகொண்டு இரண்டு மணி நேரம் நிற்கும். அதனால் உத்திராபதி எதிர்க்கரையிலிருந்து தண்ணீரில் இறங்கி, சத்தம் போடாமல் நடந்து வந்து, அவள் சைகை காட்டியதும் இரண்டு கைகளையும் தூக்கி வீசுவார். கூட்டம் மொத்தமாக எழும்பும். ஒரு அழுத்துக்கு இருபது படம். சிறகுகளுக்குப் பின்னால் எங்காவது அவர் தலையோ துண்டோ தெரியும். வீட்டுக்கு வந்து அவரை அழித்து, அந்த இடத்தில் கோரையும் வானமும் இட்டு நிரப்பிவிட்டு, மூலப்படங்களையும் அழித்துவிடுவாள். பறவையைக் கலைத்து எடுத்த படத்தைப் போட்டிகளில் சேர்க்கமாட்டார்கள். ஆளை அழிப்பதில் அவளை மிஞ்ச மன்னார்குடி வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

மிச்சம் இருந்தது அன்றைக்குக் கேமராவில் இருந்த மெமரி கார்டு மட்டும்.

அன்று நூறு நத்தைக்குத்தி நாரைகள் இருந்தன. அவ்வளவு கூட்டத்தை அவள் பார்த்ததில்லை. உத்திராபதி வழக்கம்போல ஆகாயத்தாமரைப் பக்கமாக இறங்கி வந்தார். அந்தப் பக்கத்தில் யாரோ போன வாரம் இயந்திரம் வைத்து மண் அள்ளியிருந்தது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீர் சட்டென்று மார்புத் தண்ணீர் ஆனது. அவர் இரண்டு கைகளையும் தூக்கி வீசினார். அவள் இன்னும் சைகைகூடக் காட்டவில்லை. நாரைகள் எழும்பின. அழுத்தினாள். அவர் மறுபடி வீசினார். அடுத்த கூட்டம் எழும்பியது. அழுத்தினாள். மூன்று வருடத்தில் அவர் அப்படி உயிரைக் கொடுத்து வீசியதே இல்லை.

"சூப்பர்ணே! இன்னொரு தடவ!" என்று கத்திக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அவர் இன்னொரு தடவை வீசினார்.

பிறகு அவள் கேமராவின் சின்னத் திரையில் குனிந்துவிட்டாள். நாரையின் கண் கூர்மையாக விழுந்த படம் ஒன்று கிடைத்துவிட்டது. நிமிர்ந்தபோது அவரைக் காணவில்லை. கரையைச் சுற்றி டீக்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தாள். பள்ளியில் சிறப்பு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் ஆகாயத்தாமரைக்கு அடியிலிருந்து அவரை எடுத்தார்கள். அன்றிரவு கார்டைப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்தொரு படங்கள். அதன் பிறகும் மறுநாள் உட்கார்ந்து அவரை அழித்து, நாரைகளை மட்டும் போட்டிக்கு அனுப்பினாள். அதை நினைக்கும்போது அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் அனுப்பினாள்.

இப்போது அதே கார்டிலிருந்து ஒரு முகம் வேண்டும். ஒன்பதாவது படத்தில்தான் முகம் தெளிவு. அதை வெட்டியெடுத்து, புள்ளிகளைக் களைந்து, மார்பளவுத் தண்ணீரை அழித்து, பச்சைக் கட்டம் போட்ட சட்டைக்குப் பதில் வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் ஸ்டுடியோ நீலம் வைத்தாயிற்று. வாய் ஒன்றுதான் பாக்கி.

மறுபடியும் மூடினாள். சேமித்தாள். கோப்பை மூடித் திறந்து பார்த்தாள். மூடியே இருந்தது. கண்ணிமைக்காமல் ஐந்து நிமிடம் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. சிரிப்புக்கூட வந்தது. தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்து அண்ணாந்தாள். இறக்கினாள்.

திறந்திருந்தது. முன்பைவிடப் பெரிதாக.

வெள்ளைக் காலரின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு.

அப்போதுதான் வாடை அடித்தது. அழுகிய ஆகாயத்தாமரை வேரும் கலங்கிய சேறும் சேர்ந்த வாடை, வெயிலில் ஏரி வற்றும்போது கரையில் நின்றால் வருமே, அது, கதவும் ஜன்னலும் சாத்திய அறையில், மேசைக்கு அடியிலிருந்து மெல்ல மேலே ஏறி வந்தது. கூடவே ஒரு சத்தம். சளப். சற்று நேரம் கழித்து, சளப். தண்ணீரை உள்ளங்கையால் அறைவது போல. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். தெருவில் வெயில். ஒரு ஆடு. எதிர்வீட்டுப் பூர்ணிமா கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் சத்தம். அதுவேதான். பூர்ணிமா துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சளப்.

ஷோபனா ஓடிவந்து உட்கார்ந்தாள். வாய் போகட்டும், கண்ணையாவது சரிசெய்யலாம் என்று அதைப் பெரிதாக்கினாள். பறவைப் படமோ ஆள் படமோ, கண் கூர்மையாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக நிற்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இருநூறு சதவீதம். நானூறு. கருவிழியில் வெளிச்சப் புள்ளி. புள்ளிக்குள் ஒரு கரை. கரையில் ஒரு பெண். ஒரு கை முகத்தோடு ஒட்டியிருந்தது. இன்னொரு கையின் கட்டைவிரல் மேலே.

அவள் அலறவில்லை. அந்தப் பெண்ணை அழித்தாள். கருவிழியின் கருப்பை எடுத்து மேலே பூசினாள். வாயை மூடினாள். காலரை வெளுத்தாள். திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே பென் டிரைவைத் தடவி எடுத்துச் செருகி, படத்தை ஏற்றி, பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

கடைத்தெரு ஸ்டுடியோவில் சேக் தாவூது பாயிடம் அதைக் கொடுத்துவிட்டு, வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெயில் இதமாக இருந்தது. பஸ் ஹாரன்கூட இதமாக இருந்தது.

"டீச்சர்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் பாய். "வாய் தொறந்திருக்கே, இப்படியேவா போடச் சொல்றீங்க?"

எழுந்துபோய்ப் பார்த்தாள். அவர் திரையில் வாய் மூடியிருந்தது. பாயும் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப மூடித்தான் இருக்கு. வயசாச்சுல்ல டீச்சர், கண்ணு ஏமாத்துது."

அச்சடித்து, மரச்சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டினார். வெள்ளைச் சட்டை, நீலப் பின்னணி, அமைதியான முகம். நல்ல வேலை. பாயே மெச்சினார். பழைய செய்தித்தாளில் சுற்றும்போது மட்டும் அடிச்சட்டத்தை இரண்டு தடவை துணியால் துடைத்தார்.

"புதுச் சட்டம். எங்கேருந்துதான் கசியுதோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாமணி ஆற்றில் காரியம் முடித்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். நாகம்மாளின் வீட்டுக் கூடத்தில் இருபது பேர். சாம்பிராணிப் புகை. சுவரோரம் ஒரு நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்து, குத்துவிளக்கேற்றி, ரோஜா மாலையைத் தயாராக வைத்திருந்தார்கள். படத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். ஷோபனா வாசலிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தாள். ஸ்கூட்டியில் வரும் வழியிலேயே செய்தித்தாள் நனைந்து அவள் புடவையில் ஒட்டியிருந்தது.

"உள்ள வாங்க டீச்சர். நீங்கதான பிரிச்சு வைக்கணும். உங்களத்தான் அவரு தெய்வமாட்டம் நெனச்சிருந்தாரு."

"நீங்களே பிரிங்கக்கா."

நாகம்மாள் மடியில் வைத்துப் பிரித்தாள். ஊறிப்போன தாள் கீற்றுக் கீற்றாக வந்தது. சாம்பிராணியையும் மீறிச் சேற்று வாடை. முதலில் நெற்றி. பிறகு கண்.

பிறகு வாய்.

நாகம்மாள் படத்தைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்தப் பச்சச் சட்ட..." என்றாள். "இது எம்மவ தச்சுக் குடுத்தது. அன்னிக்குக் காலையிலதான் மொதமொதல்ல போட்டாரு. இதோடதான தூக்கிட்டு வந்தாங்க."

"டீச்சர். இத எப்ப எடுத்தீங்க?"

ஷோபனா படத்தைப் பார்த்தாள். நீலப் பின்னணி இல்லை. கோரை. ஆகாயத்தாமரை. மார்பளவில் தண்ணீர். இரண்டு கைகளும் மேலே.

இல்லை. மார்பளவில் இல்லை.

தோளளவில்.

நாகம்மாளும் அதைப் பார்த்துவிட்டாள். முந்தானையை இழுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். ஈரம் போகவில்லை. "வெளியில இல்ல" என்றாள். "உள்ளார இருக்கு. தண்ணி உள்ளார இருக்கு. யாராச்சும் இதக் கழட்டுங்களேன்!" யாரோ சட்டத்தின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். அது அசையவில்லை. தண்ணீர் தாடையைத் தொட்டது. திறந்த வாய்க்குள் இறங்கியது. மூக்கு. கண்கள் இரண்டும் கடைசிவரை ஷோபனாவையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவையும் இல்லை.

"டீச்சர், புடிங்களேன்! டீச்சர்!"

ஷோபனா நின்ற இடத்தில் நின்றாள். கண்ணாடிக்குள் ஐந்து விரல்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே அசைந்துகொண்டிருந்தன. நாகம்மாள் வெளியிலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தாள்.