வெள்ளை உடுப்பும் விமானமும்

கற்பிட்டிக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், நிஃப்லாவின் உம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுவார். கொடியில் காயும் வெள்ளை உடுப்புகளை வாரிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவார்.

யுத்தம் முடிந்துவிட்டது. இப்போது வருவது உல்லாசப் பயணிகளின் சின்ன விமானம்தான். ஆனால், உம்மாவின் கால்கள் அதைக் கேட்பதில்லை. நிஃப்லாவோ ஈரம் காயாத, கசங்கிய வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடம் போவாள்.

அன்று றிஸ்மியா விளையாட வந்திருந்தபோது விமானம் வந்தது. ரொட்டிக்கு மா பிசைந்த கையோடு உம்மா ஓடினார். சீருடை முழுக்க மா அப்பிக்கொண்டது.

"பிளேன் உங்கட சட்டையக் களவெடுக்கவா வருது?" என்று றிஸ்மியா சிரித்தாள்.

நிஃப்லாவுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. "எங்கட உம்மாக்கு விசர்" என்று நெற்றியருகே விரலைச் சுழற்றிக் காட்டி அவளும் சிரித்தாள்.

திரும்பினால், வாசலில் உம்மா.

சீருடையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். றிஸ்மியா போன பிறகும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. நிஃப்லா ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டே, ஏன் வெள்ளை உடுப்பை மட்டும் எடுக்கிறார் என்று கேட்டாள்.

"நாங்க யாழ்ப்பாணத்துல இருந்த காலத்துல குண்டு போட பொம்மர் பிளேன் வரும், மகள். வெள்ளைத் துணி மேலால தெரியுமெண்டு எடுத்துப்போட்டு, மண்ணுக்குள்ள தோண்டின பங்கருக்குள்ள படுப்பம். ஒரு நாள் வாப்பாட வெள்ளைத் தொப்பி கொடியில கிடக்கெண்டு தம்பி ஹாசிம் வெளிய ஓடினான்."

ஹாசிம் மாமா குண்டு விழுந்து மௌத்தானது நிஃப்லாவுக்குத் தெரியும். ஏன் வெளியே போனார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் பின்னேரம் அவள் முற்றத்துக் கொடியை அவிழ்த்தாள். வெங்காயம் தொங்கவிடும், தென்னங்கிடுகால் வேய்ந்த கொட்டிலுக்குள் கட்டப் போனாள். றிஸ்மியா வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டாள்.

"எங்கட உம்மாக்கு விசரில்ல. நான் சொன்னதுதான் பிழை" என்றாள் நிஃப்லா. ஹாசிம் மாமாவின் கதையையும் சொன்னாள்.

றிஸ்மியா கொஞ்ச நேரம் காலால் மணலைக் கிளறினாள். பிறகு கயிற்றின் மறுநுனியைப் பிடித்தாள்.

அடுத்த முறை விமானம் வந்தபோது உம்மா முற்றத்துக்கு ஓடி வந்து அப்படியே நின்றார். கொடி அங்கே இல்லை. கொட்டிலுக்குள், வெங்காயப் பிடிகளுக்கு நடுவே, சீருடைகள் அசையாமல் தொங்கின.

"மேலால தெரியாது, உம்மா."

உம்மா கொட்டில் கூரையைப் பார்த்தார். நிஃப்லாவின் தலையில் கையை வைத்தார். விமானம் கடலுக்கு மேலே போய் மறையும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

மறுநாள் நிஃப்லாவின் சீருடையில் ஒரு கசங்கலும் இல்லை. வகுப்பு முழுக்க வெங்காயம் மணத்தது.