ஆற்றில் போட்ட பெட்டி

சமையலறையில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோ, நடு அறைக்குக் கொண்டுவந்ததும் இரையத் தொடங்கியது.

யோகலெட்சுமி அதைத் திரும்பவும் சமையலறைக்குக் கொண்டுபோனாள். பாட்டு வந்தது. ஆனால் அங்கே கூரை ஒழுகி, ரேடியோ வைக்கிற தட்டெல்லாம் ஈரம். மறுபடி நடு அறைக்கு வந்தாள். மறுபடி இரைச்சல். வெறும் இரைச்சல் என்றால் மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். இது விட்டுவிட்டு, இளைப்பு நோய்க்காரன் மூச்சு இழுப்பதுபோலக் கேட்டது. இந்தச் சத்தத்தை அவள் மார்கழி மாதம் முழுவதும் கேட்டிருக்கிறாள். அதை உண்டாக்கிய பெட்டிதான் இப்போது இல்லையே. கம்பளை ரோட்டுப் பாலத்தில் நின்று மகாவலி ஆற்றுக்குள் வீசிவிட்டதாகப் புருஷன் ஜெயராஜ் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறானே.

போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. அது பழகிப்போன விஷயம். மழைக்கு டவர் பழுதாகிவிட்டது என்று ஜெயராஜ் சொல்லி இரண்டு மாதமாகிறது. கெலிஓயா டவுனில் போன் திருத்துகிற கடை வைத்திருப்பவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

வெளியே இன்னும் இருட்டவில்லை. மலையை வெட்டிக் கட்டிய வீடு அது. முன்பக்கம் ரோட்டுக்கு இறங்கும் படி, பின்பக்கம் கூரை விளிம்பு வரை உயர்ந்து நிற்கும் மண்மேடு. மேட்டுக்கு மேலே றலியா தாத்தாவின் வீடு. இந்தப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். யோகாவும் அப்படியே பழகிவிட்டாள். பனி இறங்கிப் பலா மரத்தை மறைத்து, ஜன்னல் கம்பிவரை வந்து நின்றது. ஜெயராஜ் கலகெதரயில் ஒரு கடைக்குக் காமரா பூட்டப் போயிருந்தான். வர இரவாகும் என்றுதான் காலையில் சொன்னான்.

ரேடியோவைக் கையில் பிடித்தபடி அறையைச் சுற்றி நடந்தாள். அலுமாரிப் பக்கம் சத்தம் குறைந்தது. மேசைப் பக்கம் கூடியது. அறையின் நடுவில் வந்து கையை உயர்த்தியபோது காதைப் பொத்த வேண்டியதாகிவிட்டது.

மேலே பார்த்தாள். வயர் வேலைக்காகச் சீலிங்கில் வெட்டி, பலகையால் மூடியிருந்த சதுரம் நேர் மேலே இருந்தது.

எல்லாம் போன தீபாவளிக்குப் பிறகு தொடங்கியது. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவளின் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் வந்து நின்றது. அடுத்த தடவை குளியலறையின் மேல் ஜன்னலுக்கு நேரே. பச்சை விளக்கு ஒன்று எரிய, தேனீக் கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு, அசையாமல், பார்த்துக்கொண்டே. அது வருகிற நேரமெல்லாம் ஜெயராஜ் வீட்டில் இல்லை. எவன் விடுகிறான், எதற்கு விடுகிறான், எடுத்த படத்தை வைத்து என்ன செய்கிறான் என்று எதுவும் தெரியாமல் அவள் குறுகிப்போனாள். முற்றத்துக்கு இறங்குவதை விட்டாள். கேட்டடிக்குப் போவதை விட்டாள். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டருக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்து, கோல் எடுப்பதாகச் சொன்னவர்களுக்காகக் காத்திருந்த நேரம் அது.

அப்போதுதான் ஜெயராஜ் பெட்டி செய்தான். ட்ரோனுக்கு வருகிற சிக்னலைக் குழப்பிவிடும், அது திசை தெரியாமல் விழுந்துவிடும் என்றான். ஈயப் புகை வீடெல்லாம் நாற, மேசையில் குனிந்து உட்கார்ந்து தன் கையாலேயே பூட்டினான். "ஒனக்காகத்தான் யோகா" என்றான். இப்படி ஒரு புருஷன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று அவளுக்கு அன்றைக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் தன்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

அடுத்த முறை ட்ரோன் வந்தபோது அவன் கீழே ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். "ஸ்விட்ச்சப் போடு!" என்று அங்கிருந்தே கத்தினான். போட்டாள். ட்ரோனின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. குடிகாரன் மாதிரித் தள்ளாடி, பலா மரத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. தேடிப் போனவன் வெறுங்கையோடு வந்தான்.

"செவப்புன்னா பறக்க விடுறவன் கைய விட்டுப் போச்சுன்னு அர்த்தம்" என்று அவளுக்கு விளக்கினான். "பச்சைன்னா அவன் பக்கத்துலதான் நிக்கிறான்."

இரவு பகலாகப் போட்டே வைத்திருந்த பெட்டி ட்ரோனோடு நிற்கவில்லை. மேட்டில் இருந்த வீடுகளின் போன்களையும் அது ஊமையாக்கியது. தை பிறந்து சில நாளில், ஒரு மத்தியானம், றலியா தாத்தா நனைந்துகொண்டு ஓடிவந்தாள்.

"தங்கச்சி, ஒங்கட போனக் கொஞ்சம் தாங்க. இவருக்கு நெஞ்சு வலிக்குதாம். எங்கட போன் ஒண்டும் வேல செய்யுதில்ல."

யோகாவின் போனும் வேலை செய்யவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியை நிறுத்தினாள். சிக்னல் வந்து, அம்புலன்ஸுக்குச் சொல்லி, அது மேடு ஏறி வருவதற்குள் தாத்தாவின் புருஷன் மஹ்மூத் நானா போய்விட்டார். கொஞ்சம் முந்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். றலியா தாத்தா அதற்கும் அல்லாஹ்வின் நாட்டம் என்று அழுதாள். யோகாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

சனங்கள் முறைப்பாடு போட, ஏரியல் பூட்டிய வேனில் அதிகாரிகள் வந்தார்கள். அதற்கு முதல் நாளே ஜெயராஜ் அவளை உட்காரவைத்துச் சொன்னான்: "இந்தச் சாமான் செய்றதும் குத்தம், வச்சிருக்கிறதும் குத்தம். மாட்டுனா ரெண்டு பேரும் உள்ளதான். அதோட, ஸ்விட்ச்சப் போட்டது நீ. நல்லா யோசிச்சுக்க." அவள் அதிகாரிகளுக்கு முன்னால் கைகட்டி நின்று, ஒன்றும் தெரியாது ஐயா என்றாள். பக்கத்தில் றலியா தாத்தா வெள்ளைச் சேலையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அன்று மாலைதான் பெட்டியை ஆற்றில் போட்டேன் என்றான். சில நாள் சிக்னல் நன்றாக இருந்தது. பிறகு மெல்லப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே "சிக்னல் இருக்கா யோகா?" என்று கேட்பான். இல்லை என்பாள். "ம்" என்றுவிட்டுச் சப்பாத்தைக் கழற்றுவான்.

அவள் ரேடியோவை நிறுத்தினாள். சத்தம் போன பிறகுதான் அடியில் இன்னொன்று கேட்டது. மெல்லிய ரீங்காரம். சின்ன விசிறி ஒன்று சுற்றுகிற மாதிரி. கூரைத் தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில், இத்தனை நாளும் அவள் சாப்பிட்டதற்கும் தூங்கியதற்கும் நேர் மேலே.

சாப்பாட்டு மேசையைச் சதுரத்துக்குக் கீழே இழுத்தாள். அதன்மேல் ஒரு கதிரையை வைத்து ஏறினாள். பலகையைத் தள்ளித் தலையை உள்ளே விட்டபோது, சூடேறிய பிளாஸ்டிக் மணம் முகத்தில் அடித்தது. கூடவே, அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மணம். சந்தனம்.

போன் டோர்ச்சை அடித்தாள்.

பெட்டி இருந்தது. இரண்டு கொம்பும் நீட்டிக்கொண்டு, வீட்டு மின்சாரம் நின்றாலும் ஓடும்படி ஒரு பற்றரியும் பூட்டிக்கொண்டு, சொகுசாக உட்கார்ந்திருந்தது. தூசு கூட இல்லை. அவன்தான் துடைத்து வைத்திருக்கிறான். மஹ்மூத் நானாவின் உயிரைக் குடித்தது தெரிந்தும் துடைத்து வைத்திருக்கிறான்.

அதற்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி. அதன்மேல் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஒட்டுத்தாளுக்குள் செருகியிருந்த செவ்வந்திப்பூ கருகிப்போயிருந்தது.

அவள் வைத்த பொட்டு அது. அவள் செருகிய பூ.

போன சரஸ்வதி பூசைக்கு ஜெயராஜ் கடைச் சாமான்களையெல்லாம் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் பரப்பினான். கையில் எடுத்துப் புழங்குகிற எதையும் பூசைக்கு வைக்காமல் விட்டால் அந்த வருஷம் விளங்காது என்று நம்புகிறவன். திருப்புளி, மீட்டர், ஈயம் வைக்கிற இரும்பு என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த இந்த அட்டைப் பெட்டியில் நின்றாள். இது என்னங்க என்று கேட்டாள். "கடைக்கு வந்த சாமான். அதுக்கும் ஒண்ணு வச்சு விடு" என்றான். வைத்தாள்.

இப்போது பெட்டியைத் திருப்பினாள். அன்று சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் ஒரு படம். நான்கு விசிறி, நடுவில் ஒற்றைக் கண். உள்ளே ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தக்கையில் அதே வடிவத்தில் குழி. குழி வெறுமையாக இருந்தது.

சரஸ்வதி பூசை முடிந்துதான் தீபாவளி. தீபாவளி முடிந்துதான் அது முதன்முதலாக அவள் தலைக்கு மேல் வந்து நின்றது. அவளை முற்றத்திலிருந்து வீட்டுக்குள் துரத்தியதும் அவன். வீட்டுக்குள் வந்தவளின் போனை ஊமையாக்கியதும் அவன். வேலைக்குப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சண்டை பிடித்திருப்பேனே, அழுதிருப்பேனே என்று நினைத்தாள். தன் கையாலேயே பொட்டு வைக்கவும் விட்டானே பாவி.

டோர்ச் வெளிச்சம் சீலிங்கின் கோடிவரை போனது. மண்மேட்டுப் பக்கம் ஒரு தகரம் தூக்கியபடி இருந்தது. அவன் வந்து போகிற வழி. மரச் சட்டத்தில் சப்பாத்துத் தடம். அவள் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வயரை இரண்டு பக்கமும் பிடுங்கி எறிந்துவிட்டு இறங்கினாள். ரீங்காரம் அடங்கியது.

போன் துடித்தது. அடைபட்டுக் கிடந்த செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து கோல் வந்ததற்கான அறிவிப்புகள். அண்ணன். மறுபடி ஆஸ்பத்திரி. கடைசியாக ஒரு செய்தி: தங்களைத் தொடர்புகொள்ள முடியாததால் வேறொருவரை நியமித்துவிட்டோம். படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

ஜெயராஜ்.

"யோகா." சாதாரணமான, களைத்த குரல். "ஏன் பெட்டிய நிப்பாட்டுன?"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"கலகெதரயிலதான். காலைலயே சொன்னேனே."

அவன் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை விழுந்தது. அதற்கும் பின்னால் யாரோ ஒருத்தி ஆட்டை அதட்டினாள். "ஹேய், வா இங்கால! நனையாம வா!" போன் வைத்திருந்த காதில் அது கேட்டது. மற்றக் காதிலும் கேட்டது, ஜன்னல் வழியாக, மேட்டிலிருந்து. றலியா தாத்தா.

தாத்தா என்று கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் அவள் ஓடி வருவாள். அன்றைக்கு மழையில் ஓடி வந்தமாதிரியே வருவாள். வந்து இந்தப் பெட்டியைப் பார்ப்பாள். யோகாவின் வாய் திறந்தபடியே நின்றது.

கோல் துண்டிக்கப்பட்டது.

பனிக்குள்ளிருந்து அந்த இரைச்சல் வந்தது. மாதக்கணக்கில் கேட்காத இரைச்சல். ஜன்னல் கம்பிக்கு வெளியே வந்து நின்றது. ஒற்றைக் கண் மெல்லத் திரும்பி மேசையைப் பார்த்தது. மேசைமேல் இருந்த கதிரையைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.

விளக்கு பச்சை.

பக்கத்துலதான் நிக்கிறான்.

எங்கே? முன்கதவு பூட்டியிருந்தது. பின்கதவும். படியில் ஆள் இல்லை. கேட்டில் இல்லை. அப்போதுதான் மரச் சட்டத்தில் பார்த்த சப்பாத்துத் தடம் நினைவுக்கு வந்தது.

தடத்திலிருந்த மண் ஈரமாக இருந்தது.

காய்ந்த மண் இல்லை. ஈர மண்.

ஜன்னலில் பச்சை சிவப்பானது. ட்ரோன் தள்ளாடியது. கம்பியில் மோதியது. கீழே விழுந்து, ஒரு விசிறி மட்டும் சேற்றை அடித்துக்கொண்டு கிடந்தது.

கையிலிருந்த போனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

தலைக்கு மேலே ரீங்காரம்.

அவள் பிடுங்கிய வயர். அவள் நிறுத்திய விசிறி. சுற்றியது.

சதுரத்தை அவள் மூடவில்லை. அதன் இருட்டிலிருந்து தூசு உதிர்ந்தது. கதிரைமேல் ஒரு துளி சேறு. இன்னொரு துளி.

"சிக்னல் இருக்கா யோகா?"

ஒரு சப்பாத்துக் கால் கீழே இறங்கியது. அவசரமில்லாமல், இருட்டில் படி தேடுகிறவன்போல அப்படியும் இப்படியும் துழாவி, அவள் எடுத்து வைத்த கதிரையைத் தேடியது.