கவனிக்கப்பட்டது

"ரெங்கா...!"

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு அந்த அலறல் கேட்டது.

அடுத்த விநாடி...

தொம்!

திருச்சி தில்லைநகர், ராயல் காவேரி அபார்ட்மெண்ட்ஸ். வருஷம் 1985. நான்கு மாடி, லிஃப்ட், மொசைக் தரை, வாசலில் ஒரு நாள்கூடத் தண்ணீர் வராத நீரூற்று. ஊரிலேயே நவநாகரிகமான குடியிருப்பு என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அதை நம்பிப் பதினாறு குடும்பங்கள் குடிவந்திருந்தன. பதினாறும் படித்த குடும்பங்கள். ஏமாறுவதற்குப் படிப்பு ஒரு தடையாக இருந்ததே இல்லை.

தரைத் தளத்தில் குடியிருக்கும் மீனாம்பாள் காபி ஃபில்டரும் கையுமாக ஓடி வந்தாள். லிஃப்ட்டின் கம்பிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் நாலாம் மாடியில் நின்றிருந்தது. கீழே பள்ளத்தில், ஆறு மாதக் குப்பையின் மேல், ஒருவர் குப்புறக் கிடந்தார்.

வெள்ளை வேட்டி... கட்டைக் குடுமி... பக்கத்தில் தெறித்து விழுந்த ஒரு பச்சை மைப் பேனா...

மேனேஜர் ரெங்கநாதன்!

அலறியதும் அவர்தான். அவர் கூப்பிட்டது ஸ்ரீரங்கத்துப் பெருமாளை.

விடியற்காலை. லிஃப்ட் பள்ளம். பிணம். ஒரு க்ரைம் கதைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேண்டுமா? நானும் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தேன்.

பிணம் முனகியது.

அந்தக் கட்டடத்தில் எதுதான் ஒழுங்காக வேலை செய்தது, பிணம் மட்டும் செய்வதற்கு?

நாலு பேர் சேர்ந்து அவரை மேலே தூக்கினார்கள். வலது கால் முறிந்திருந்தது. நெற்றியில் ரத்தம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கண்ணை லேசாகத் திறந்தார்.

"செபஸ்தியான்... நாலாம் மாடி செபஸ்தியான்..."

அவ்வளவுதான். மயங்கிவிட்டார்.

கூடியிருந்த பதினாறு குடும்பமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து நாலாம் மாடியைப் பார்த்தது.

*

இன்ஸ்பெக்டர் முகமது இஸ்மாயில் எட்டு மணிக்கு வந்தார். இரண்டாம் மாடியில் லிஃப்ட் கதவு விரியத் திறந்து கிடந்தது. மேனேஜரின் ஆபீஸ் ரூம் அதற்கு நேர் எதிரே. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஆறரைக்கு ரூமைத் திறப்பார் என்று சொன்னார்கள்.

தவறி விழுந்தாரா... தள்ளிவிட்டார்களா?

நாலாம் மாடிக்குப் படியேறினார் இன்ஸ்பெக்டர். வேறு வழியில்லை. கதவைத் திறந்தவர் ஐம்பத்தொன்பது வயது செபஸ்தியான். ரயில்வேயில் முப்பத்து மூன்று வருஷம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் சுகமாக இருந்த குடும்பத்தை, மகளுக்கு நல்ல சம்பந்தம் வர வேண்டும் என்று இங்கே கூட்டி வந்தவர். சம்பந்தம் வந்துவிட்டது. தண்ணீர்தான் வரவில்லை.

காதோரம் சோப்பு நுரை காய்ந்திருந்தது. பின்னால் மனைவி வியாகுலம்மாளும் மகள் அமலராணியும் நின்றிருந்தார்கள்.

"ஆறு நாற்பதுக்கு எங்கே இருந்தீங்க?"

"பாத்ரூம்ல சார். ஆறு பத்துலேருந்து ஏழு பதினஞ்சு வரைக்கும்."

"ஒரு மணி நேரமாவா?"

"மாட்டிக்கிட்டேன் சார்."

பாத்ரூம் தாழ்ப்பாளின் கைப்பிடி நாலு மாதம் முன்பே உடைந்துவிட்டது. கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் தானாக விழும். உள்ளேயிருந்து தூக்கப் பிடிமானம் கிடையாது. வெளியே இருந்து யாராவது இடுக்கில் தோசைத் திருப்பியை விட்டு நெம்ப வேண்டும். இன்று மனைவியும் மகளும் காலைப் பூசைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்துதான் நெம்பினார்கள். செபஸ்தியான் இதையெல்லாம் நிமிஷக் கணக்கோடு சொன்னார். கார்டாக இருந்தவருக்கு நேரம் சொல்லாமல் மூச்சு விடக்கூட வராது.

"நீங்க உள்ளே இருந்ததை யாரு பார்த்தா?"

செபஸ்தியான் யோசித்தார்.

"பாத்ரூம்ல யாருங்க சார் பார்ப்பா?"

இன்ஸ்பெக்டர் கீழே வரவேற்பறையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த புகார் நோட்டை எடுத்து வரச் சொல்லியிருந்தார். அதை விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் செபஸ்தியானின் கையெழுத்து. ஒவ்வொரு புகாருக்கும் கீழே பச்சை மையில் ஒரே வரி.

கவனிக்கப்பட்டது. ரெ.

"பாத்ரூம் தாழ்ப்பாள் பற்றி எட்டு தடவை எழுதியிருக்கீங்க. எட்டுக்கும் 'கவனிக்கப்பட்டது'ன்னு கையெழுத்து இருக்கு. அப்போ ரிப்பேர் ஆன தாழ்ப்பாள்ல எப்படி மாட்டிக்கிட்டீங்க?"

"சார், அது சும்மா போடற கையெழுத்து. அவர் எதையும் படிக்கறதே இல்லை. கேட்டா, எல்லாம் பெருமாள் பார்த்துப்பார்ம்பார்."

"சரி. போன வாரம் நீங்க எழுதினதை நானே படிக்கறேன். 'இரண்டாம் மாடி லிஃப்ட் கதவு, லிஃப்ட் வராமலே திறந்து கொள்கிறது. பதினான்காம் முறை எழுதுகிறேன். இனியும் சரி செய்யாவிட்டால் மேனேஜரை அதற்குள் நானே தள்ளிவிடுவேன். காலை 9.20. செபஸ்தியான்.'"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

கொலை செய்யப் போகிறேன் என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டு, பலியாகப் போகிறவரிடமே கவனிக்கப்பட்டது என்று எதிர்க்கையெழுத்தும் வாங்கி வைத்திருந்த ஒரே ஆள் இந்தியாவில் செபஸ்தியானாகத்தான் இருப்பார்.

"கிளம்புங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

வியாகுலம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "ஐயா, நாளைக்குக் கோயில்ல இவளுக்கு மூணாவது ஓலைங்க. இன்னிக்கு இவரைக் கூட்டிட்டுப் போயிட்டா எல்லாம் போச்சுங்க."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. அமலராணி மெல்லிய குரலில் விளக்கினாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சாமியார் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு ஞாயிறு யாரும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு, அப்பா கொலை முயற்சி கேஸில் உள்ளே இருந்தால் ஊரே வாயைத் திறக்கும். மாப்பிள்ளை வீட்டார் துறையூர்க்காரர்கள், மானத்துக்கு அஞ்சுகிறவர்கள்.

சொல்லி முடிக்கும் முன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. செபஸ்தியான் மகளைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார். சுவரிலும் நீர் கசிந்துகொண்டிருந்தது. அதையும் ஆறு தடவை எழுதியிருந்தார்.

*

ஜீப்பில் செபஸ்தியான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவியும் மகளும். சுற்றி வேடிக்கை பார்க்கும் நவநாகரிகக் குடும்பங்கள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் மேலேயே இருந்தார்.

அந்தப் பெண்ணின் அழுகை அவரை என்னவோ செய்தது. கடைசியாக ஒருமுறை தாழ்ப்பாளைப் பார்த்துவிடலாம் என்று பாத்ரூமுக்குள் நுழைந்தார். தாழ்ப்பாள் சாதுவாகத்தான் தெரிந்தது. நோட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கவனிக்கப்பட்டது. ரெ.

கதவைச் சாத்தினார்.

டக்.

இழுத்தார். அசையவில்லை. தூக்கப் பார்த்தார். பிடிமானம் இல்லை. தோளால் இடித்தார். தோள்தான் வலித்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் மூன்று கொலைகாரர்களைத் துரத்திப் பிடித்த இன்ஸ்பெக்டர் முகமது இஸ்மாயில், ஒரு பிளாஸ்டிக் வாளிக்கும் மக்குக்கும் நடுவில் சிறைப்பட்டார்.

பாக்கெட்டில் போலீஸ் விசில் இருந்தது.

ஊதினார்.

கீழே ஜீப்பில் இருந்த கான்ஸ்டபிள் துள்ளி எழுந்தார். "என்னது அது?"

மீனாம்பாள் கையை ஆட்டினாள். "ஒண்ணும் இல்லைங்க, உட்காருங்க. செபஸ்தியான் சார் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாருன்னா அவரோட ரயில்வே விசிலை ஊதுவாரு. தினம் இருக்கறதுதான். நாங்க யாரும் கண்டுக்கறதில்லை."

கான்ஸ்டபிள் நிம்மதியாக உட்கார்ந்தார்.

பத்து விநாடி.

பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, பக்கத்தில் விலங்கோடு உட்கார்ந்திருந்த செபஸ்தியானைப் பார்த்தார்.

மீனாம்பாளும் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது.

"ஐயோ... காலையிலயும் இந்த விசில் கேட்டுச்சே. நான் காபிக்கு டிகாக்ஷன் இறக்கிக்கிட்டிருந்தேன். விசில் விடாம ஊதிக்கிட்டே இருக்கு... நடுவுல 'ரெங்கா'ன்னு ஒரு கத்தல், தொம்முன்னு சத்தம்... அதுக்கப்புறமும் விசில் ஊதிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் ஓடி வந்து எட்டிப் பார்க்கறப்பவும்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்றார் கான்ஸ்டபிள்.

"தினம் கேக்கற சத்தம் காதுலயா விழுது?"

"என்னையும் யாரு பார்த்தான்னுதான் கேட்டார். யாரு கேட்டான்னு கேக்கலையே," என்றார் செபஸ்தியான்.

அமலராணி அதற்குள் தோசைத் திருப்பியைத் தேடி நாலு மாடி ஓடியிருந்தாள்.

*

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ரெங்கநாதனுக்கு நன்றாகவே தெளிந்திருந்தது. காலில் மாவுக்கட்டு. அள்ளாமல் விட்ட குப்பை மெத்தென்று இருந்ததால் உயிர் தப்பினார் என்று டாக்டர் சொன்னாராம். குப்பையை அள்ளச் சொல்லியும் செபஸ்தியான் ஒன்பது தடவை எழுதியிருந்தார். நல்லவேளை, கவனிக்கப்பட்டிருந்தது.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

ரெங்கநாதன் ஒரு நிமிஷம் யோசித்தார். லிஃப்ட் கதவு பழுது என்று வெளியே தெரிந்தால் மெட்ராஸில் இருக்கும் முதலாளி வேலையை விட்டுத் தூக்கிவிடுவார். புகார் எழுதியே உயிரை வாங்கும் செபஸ்தியான் உள்ளே போனால் நோட்டும் மிச்சம். 

"செபஸ்தியான்தான் தள்ளினார் சார். விசில் ஊதாதேள்னு சொல்லிட்டு வரலாம்னு லிஃப்ட் கதவைத் திறந்தேன். பின்னாடி வந்து ரெண்டு கையாலயும் தள்ளினார். அடியேன் பொய் சொல்லுவேனா? பெருமாள் பார்த்துண்டிருக்கார்."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து புகார் நோட்டை எடுத்து நீட்டினார். "இன்னிக்குப் புதுசா ஒரு புகார் வந்திருக்கு. நீங்க பார்க்கணுமாம்."

நோட்டைக் கண்டதும் ரெங்கநாதனின் கை தானாகப் பச்சைப் பேனாவைத் தேடியது. பள்ளத்தில் கிடைத்ததை இன்ஸ்பெக்டர் எடுத்துக் கொடுத்தார். ரெங்கநாதன் ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. எழுதினார்.

கவனிக்கப்பட்டது. ரெ.

அவர் கையெழுத்துப் போட்ட புகார் இது: 'நாலாம் மாடி பாத்ரூமில் காவல்துறை அதிகாரி ஒருவர் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டார். தாழ்ப்பாளை உடனே மாற்றவும். மு. இஸ்மாயில்.'

இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அறை மூலையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். கொண்டு வந்து நீட்டினார்.

"உங்க வாக்குமூலம். நிதானமாப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

"படிக்கறதுக்கு என்ன சார் இருக்கு?"

சரசரவென்று பேனா ஓடியது.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி, நர்ஸுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"'லிஃப்ட் கதவு கெட்டுப்போனது பற்றிப் பதினான்கு முறை புகார் வந்தும் நான் சரி செய்யவில்லை. சரி செய்ததாகப் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன். லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்துக் கால் வைத்து நானே விழுந்தேன். என்னை யாரும் தள்ளவில்லை.' கீழே என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா? கவனிக்கப்பட்டது. ரெ."

ரெங்கநாதனின் முகம் மாவுக்கட்டை விட வெளுத்தது.

"பெருமாள் பார்த்துண்டிருக்கார்னு சொன்னீங்க. நீங்களும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்."

இந்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லுமா என்று கேட்டு வக்கீல் வாசகர்கள் எனக்குக் கடிதம் போட வேண்டாம். கோர்ட் வரை போகவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் ரெங்கநாதன் உண்மையைக் கக்கிவிட்டார். விசிலை நிறுத்தச் சொல்ல நாலாம் மாடிக்குக் கிளம்பித்தான் விழுந்தாராம்; ஆம்புலன்ஸில் செபஸ்தியான் பெயரை முனகியதும் அதனால்தான். செபஸ்தியான் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். வியாகுலம்மாள் புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. பாலக்கரைக் கோயிலில் கூட்டம். துறையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வியாகுலம்மாளும் அமலராணியும் பூ வாங்க வேண்டும் என்று முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். "...இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கவும்."

யாரும் வாயைத் திறக்கவில்லை.

அமலராணி கண் கலங்கச் சிரித்தாள். திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள்.

அப்பாவைக் காணோம்.

வியாகுலம்மாளும் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் பார்த்தாள். செபஸ்தியான் எங்கேயும் இல்லை.

"புது வேட்டி கட்டிட்டு, முகம் கழுவிட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன்னாரும்மா," என்றாள் அமலராணி. சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள்.

முகம் கழுவிட்டு...

தில்லைநகர், ராயல் காவேரி அபார்ட்மெண்ட்ஸ், நாலாம் மாடி. விசில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. முப்பத்து மூன்று வருஷம் கார்டு வண்டிக் கதவைச் சாத்திப் பழகிய கை, நினைப்பில்லாமல் இந்தக் கதவையும் சாத்திவிட்டது.

தரைத் தளத்தில் மீனாம்பாள் நிதானமாகக் காபி குடித்தாள்.

மூச்சு வாங்க, விசிலை வாயிலிருந்து எடுத்தார் செபஸ்தியான். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், புது வேட்டியோடு உட்கார்ந்தார். மணி பார்த்தார். எட்டு நாற்பத்திரண்டு. ஓலை வாசித்து முடித்திருப்பார்கள்.

"பேசாம ஜெயிலுக்கே போயிருக்கலாம். அங்கேன்னா கதவைத் திறந்துவிட ஒரு ஆளாவது இருப்பான்."